கோவிட் தீவிரமும் மரபணு மாற்றமும்: ஆய்வுச் செய்திகளை எடைபோடும் முறை

ஒரு மரபணு மாற்றம் கோவிட் நோயைத் தீவிரமாக்குகிறது என்ற செய்தியைப் படிக்கும்போது, அது பலரிடம் காணப்படும் பொதுவான மாற்றமா, மிகச் சிலரிடம் மட்டுமே உள்ள அரிய மாற்றமா என்பதை முதலில் பிரித்தறியுங்கள். 2020ஆம் ஆண்டில் மரபியலாளர்கள் ஹியூகோ ஸீபெர்க்கும் ஸ்வாந்தே பாபோவும் ஆராய்ந்த, அழிந்துபோன நியாண்டர்தால் மனிதரிடமிருந்து வந்த, தீவிர கோவிட்டுடன் தொடர்புடைய 3ஆம் குரோமோசோம் பகுதி முதல் வகையைச் சேர்ந்தது. தெற்காசியாவில் ஏறத்தாழப் பாதிப்பேரும் ஐரோப்பாவில் சுமார் 16 விழுக்காட்டினரும் அதைச் சுமக்கின்றனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தீவிர நோய்க்கு ஆளாகவில்லை என்பதால், 'ஆபத்து இருமடங்கு' போன்ற தலைப்புகளைக் கண்டதும், எந்த வயதினருக்கு, எந்த அடிப்படை அளவிலிருந்து இருமடங்கு என்று கேட்க வேண்டும்.

அரிய வகைதான் மருத்துவரீதியில் முக்கியமானது. வைரஸின் மரபுப்பொருளான ஆர்என்ஏவை உணர்ந்து, வைரஸை எதிர்க்கும் புரதமான இன்டர்ஃபெரானின் சுரப்பைத் தூண்டும் டிஎல்ஆர்7 மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், ஒரே எக்ஸ் உடைய ஆண்களுக்கு அது பழுதானால் ஈடுசெய்ய மாற்றுப் பிரதி இல்லை. நெதர்லாந்தில் இரு குடும்பங்களைச் சேர்ந்த இளம் சகோதரர்கள் கடும் கோவிட்டுக்கு ஆளானபோது இது வெளிப்பட்டது. அவ்வாறே, இன்டர்ஃபெரான் சுரப்புக்குத் தேவையான ஐஆர்எஃப்7 மரபணுவின் இரு பிரதிகளும் பழுதான ஒரு குழந்தைக்கு இன்ஃபுளுவென்சா உயிருக்கே ஆபத்தானதை 2015ஆம் ஆண்டின் ஆய்வு காட்டியது.

ஆகவே, வேறு நோயற்ற இளவயதினர் ஒருவருக்கு வைரஸ் நிமோனியாவால் செயற்கைச் சுவாசம் தேவைப்பட்டிருந்தால், குறிப்பாக உடன்பிறந்தவருக்கும் அவ்வாறே நேர்ந்திருந்தால், குடும்ப வரலாற்றை எழுதிக்கொண்டு நோயெதிர்ப்பியல் மருத்துவரை அணுகுங்கள். இன்டர்ஃபெரானை முடக்கும் தன்னெதிர்ப்பொருள்களும் (உடல் தன் சொந்தப் புரதங்களுக்கு எதிராகவே உருவாக்கும் எதிர்ப்பொருள்கள்) இதே விளைவைத் தரக்கூடுமாதலால், அவற்றுக்கான இரத்தப் பரிசோதனை பற்றியும் கேளுங்கள். அஞ்சலில் எச்சில் அனுப்பிச் செய்யும் வணிகப் பரிசோதனைகள் பெரும்பாலும் பொதுவான மாற்றங்களையே பார்ப்பதால், இதற்கு உதவா.