நியூயார்க்கில் பனிப்பொழிவுக்குப் பின் வீட்டு நடைபாதையைச் சீர்செய்வது எப்படி?

நியூயார்க் நகரில் சாலையில் விழும் பனியைத் துப்புரவுத் துறையின் வண்டிகள் தள்ளிவிடும். ஆனால் வீட்டை ஒட்டிய நடைபாதை அந்த வீட்டாரின் பொறுப்பு. சட்டம் உரிமையாளரோடு வாடகைதாரரையும் குறிப்பிடுவதால், புதிதாகக் குடிவந்தவர்கள் இந்த வேலையை யார் செய்வது என்று குளிர்காலம் தொடங்கும் முன்பே வீட்டுக்காரரிடம் பேசி முடிவு செய்துகொள்வது நல்லது.

முதல் படி: கெடுவைக் கணக்கிடுங்கள்

பனி எப்போது நின்றது என்பதைப் பொறுத்தே கெடு அமைகிறது. காலை 7 மணி முதல் மாலை 4.59 வரை நின்றால் 4 மணி நேரத்துக்குள்ளும், மாலை 5 முதல் இரவு 8.59 வரை நின்றால் 14 மணி நேரத்துக்குள்ளும், அதன்பின் விடிகாலை 6.59க்குள் நின்றால் காலை 11 மணிக்குள்ளும் பாதையைத் திறந்துவிட வேண்டும். தவறினால் அபராதம் உண்டு. இருந்தாலும் கடைசி நேரம்வரை காத்திருக்காதீர்கள். புதுப்பனியை எளிதில் வாரிவிடலாம், பலர் மிதித்து இறுகி இரவில் உறைந்துவிட்டால் அதைப் பெயர்ப்பது பெரும்பாடு.

இரண்டாம் படி: 4 அடி அகலம்

ஒருவர் நடக்குமளவு ஒற்றையடிப் பாதை வெட்டினால் போதாது. குறைந்தது 4 அடி அகலம் வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவரையும், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து வரும் தாயையும் மனத்தில் வைத்து அளந்தால் இந்த அளவின் அவசியம் விளங்கும். மூலை வீடாக இருந்தால் சாலையைக் கடக்கும் இடத்துச் சரிவையும் திறந்துவிடுங்கள். அருகில் தீயணைப்புக் குழாய் இருந்தால் அதைச் சுற்றியுள்ள பனியையும் அகற்றுங்கள். தீ விபத்து நேரத்தில் அதைத் தோண்டிக் கண்டுபிடிக்க அவகாசம் இராது.

பனியைத் தூக்கி வீசாமல் இயன்றவரை தள்ளுங்கள். ஈரப்பனி மிகவும் கனமானது. குளிரில் இந்த உழைப்பு இதயத்துக்குப் பெரும் சுமை. நெஞ்சு இறுகினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே நிறுத்திவிடுங்கள்.

மூன்றாம் படி: எங்கே குவிப்பது?

சாலையில் தள்ளுவது சட்டப்படி குற்றம். முன்தோட்டத்திலோ சுவரோரத்திலோ குவியுங்கள். டிரைவ்வேயில் (வீட்டிலிருந்து சாலைக்குக் கார் செல்லும் பாதையில்) சாலையைப் பார்த்து நின்றால், இருவழிச் சாலையில் உங்கள் பக்கமாக வரும் பனிவண்டி இடப்புறமிருந்து வலப்புறம் செல்லும். ஆகவே வாயிலருகே உள்ள பனியை வலப்புறம் குவித்தால் அது மீண்டும் உங்கள் வாசலுக்கே இழுத்துவரப்படாது.

நான்காம் படி: உறைந்துபோனால்

நடைபாதையைச் சேதப்படுத்தாமல் பெயர்க்க முடியாத அளவுக்கு இறுகிவிட்டால், அதன்மேல் மணலோ மரத்தூளோ தூவி, வானிலை இடங்கொடுத்ததும் அகற்றலாம். உறைபனியை உருக்கத் தூவும் சாதாரணக் கல்லுப்பு ஏறக்குறைய மைனஸ் 9 டிகிரி செல்சியசுக்குக் கீழே அதிகம் பயன்படாது. அப்போது கால்சியம் குளோரைடு என்ற வேறு வகை உப்பு உதவும். மரங்களின் வேரருகே உப்பைக் கொட்டாதீர்கள்.

பனிவண்டி மறுமுறை கடந்தபின் வெளியே சென்று பாருங்கள். மூலைச் சரிவைத்தான் அது பெரும்பாலும் மறுபடி மூடிவிட்டுச் செல்லும்.