ஒளிரும் கீபோர்டு வாங்கும் முன்

வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு கணினியில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒளிரும் கீபோர்டு நிஜமாகவே உதவும். டியூப் லைட் போடாமலே எழுத்துகள் தெரியும். ஆனால் சென்னை ரிச்சி தெருவின் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளுக்கு வாங்கப் போனால் ஒன்றை அவசியம் பாருங்கள்: வெளிச்சம் எழுத்தின் வழியாகவே வருகிறதா, விசைகளின் இடுக்கில் மட்டும் கசிகிறதா? விலை குறைந்த சிலவற்றில் இடுக்கில்தான் வரும். பார்க்க அழகு, ஆனால் இருட்டில் எழுத்து தெரியாது. கடையின் பளீர் விளக்கில் இது புலப்படாது. கையைக் குவித்து மறைத்துப் பாருங்கள்.

தமிழ்99 என்ற தமிழ்த் தட்டச்சு முறையைப் பழகுபவர்கள் விசைகளில் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டுவது வழக்கம். சாதாரண ஸ்டிக்கர் ஒளியை அடைத்துவிடும், காசு கொடுத்து வாங்கிய விளக்கு வீண். ஒளி ஊடுருவும் ஸ்டிக்கராகக் கேட்டு வாங்குங்கள்.

வெள்ளி நிற விசைகளில் வெள்ளை ஒளி எரிந்தால் பகலில் எழுத்து மங்கலாகத் தெரியும், அப்போது அணைத்துவிடுங்கள். வயர்லெஸ் என்றால் சார்ஜ் சீக்கிரம் இறங்கும், தானாக அணையும் வசதி இருப்பது நல்லது. நிறம் மாறி மாறி மின்னுவது எழுத்து வேலைக்கு இடைஞ்சல்தான். இருட்டறையில் திரையின் வெளிச்சம் கண்ணை உறுத்துவதை இந்தக் கீபோர்டு குறைக்காது. அதற்குத் திரையின் பிரகாசத்தைக் குறைத்து, பக்கத்தில் ஒரு சின்ன மேசை விளக்கு போடுங்கள்.