நெட்ஹேக்: புதிதாக ஆடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெட்ஹேக் என்ற கணினி கேம் முதலில் வெளிவந்தது 1987-இல். ஹேக் என்ற பழைய கேமை எடுத்து, இணையம் வழியாகப் பலர் சேர்ந்து வளர்த்தது. வழக்கமான வடிவத்தில் படமே கிடையாது. நீங்கள் ஒரு @ குறி, எதிரிகள் எல்லாம் வண்ண எழுத்துகள். பாதாளச் சுரங்கத்தில் இறங்கி, யெண்டரின் தாயத்தை எடுத்துக்கொண்டு மேலே வர வேண்டும். செத்தால் அந்த ஆட்டம் அதோடு சரி. சேவ் ஃபைல்கூட நீங்கள் மறுபடி ஆட்டத்தைத் திறந்ததுமே அழிந்துவிடும்.

இதில் முதல் தவறு அவசரம்தான். நீங்கள் ஒரு கீயை அழுத்தும் வரை இந்த உலகத்தில் எதுவும் அசையாது. யோசிக்க ஒரு மணி நேரம் எடுத்தாலும் யாரும் உங்களை அடிக்க மாட்டார்கள். ஆனால் புதியவர்கள் அம்புக்குறி கீயை விடாமல் அழுத்திக்கொண்டு ஓடுகிறார்கள். நெட்ஹேக்கில் ஓர் எதிரி நிற்கும் கட்டத்துக்குள் நடந்தாலே அவரைத் தாக்குவதாக அர்த்தம். எதிரே நீல நிறத்தில் ஒரு சின்ன 'e' நின்றால் கதை முடிந்தது. அதுதான் மிதக்கும் கண். தானாக யாரையும் தாக்காது, நகர்வதும் நத்தை வேகம்தான். ஆனால் நீங்கள் கையிலிருக்கும் வாளால் வெட்டினால், அதன் பார்வையில் உறைந்துபோய் 127 டர்ன் (ஆட்டத்தின் ஒரு நகர்வு நேரம்) வரைக்கும் அசைய முடியாமல் நிற்பீர்கள். அதற்குள் ஒரு சாதாரண எலிகூடக் கடித்தே கொன்றுவிடும்.

சரி, அதை என்ன செய்வது? சும்மா விட்டு விலகலாம். இல்லையென்றால் தூரத்தில் நின்று கத்திகளை வீசிக் கொல்லலாம். அப்புறம் அதன் உடலைத் தின்றால் மனவாசிப்பு சக்தி கிடைக்கும்: கண்ணைக் கட்டிக்கொண்டால் அந்த லெவலில் மனம் உள்ள எதிரிகள் எல்லாரும் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியும். உங்களைக் கொல்ல இருந்ததே ஆட்டம் முழுக்க உதவும் வரமாகிறது. இத்தனை வருடம் கழித்தும் இந்த கேமை ஆட்கள் விடாமல் ஆடுவதற்கு இதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். இங்கே ஆபத்தும் கருவியும் ஒரே பொருள்தான், அணுகும் விதம்தான் வேறு.

காக்கட்ரைஸ் என்ற எதிரி இதைவிடப் பெரிய உதாரணம். மஞ்சள் நிறச் சின்ன 'c'. வெறுங்கையால் தொட்டால் அந்த நொடியே கல்லாகிவிடுவீர்கள். கையுறை போட்டுக்கொண்டு அதன் பிணத்தைத் தூக்கினாலோ, நீங்கள் அடிக்கும் எதிரிகளில் பெரும்பாலோர் கல்லாவார்கள். ஆசை வந்துவிடும், ஆனால் அதைக் கையில் பிடித்தபடி ஒரு குழியில் விழுந்தால் பிணம் உங்கள் மேலேயே பட்டுக் கல்லாவீர்கள். பொறி இருக்கும் இடங்களில் அதை வைத்துக்கொண்டு நடமாடாதீர்கள்.

அடுத்தது பிரார்த்தனை. ஆபத்தில் சாமியைக் கூப்பிடலாம் என்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் அடிக்கடி கூப்பிட்டுக் கோபத்துக்கு ஆளாகிறார்கள். முதல் 300 டர்ன் கடக்கட்டும். அதன்பின் உயிர்ப்புள்ளி முழு அளவில் ஏழில் ஒரு பங்குக்குக் கீழே போனாலோ, 5 அல்லது அதற்குக் குறைவாக இருந்தாலோ வேண்டலாம். பசி என்று வந்தவுடன் வேண்டக் கூடாது. பசியால் பலவீனம் என்று காட்டும் வரை பொறுக்க வேண்டும். ஒருமுறை வேண்டிவிட்டால் சுமார் 1000 டர்ன் இடைவெளி விடுவது நல்லது.

தரையில் கிடக்கும் பிணத்தைத் தின்னாதீர்கள். எப்போது செத்தது என்று உங்களுக்குத் தெரியாது, அழுகியதைத் தின்றால் சாவுதான். நீங்களே கொன்றதை உடனே தின்னுங்கள், அதுவும் விஷமில்லாததாக இருந்தால். லிச்சன் என்ற பாசி போன்ற எதிரியின் பிணமும் பல்லியின் பிணமும் மட்டும் கெட்டுப்போகாது, அவற்றைப் பையில் வைத்திருக்கலாம். உடனே கல்லாகாமல் மெல்ல மெல்லக் கல்லாகிக்கொண்டிருந்தால், பல்லியைத் தின்று அதை நிறுத்தலாம்.

கூட வரும் நாயையோ பூனையையோ விட்டுவிட்டுப் படியிறங்குவதும் வீண். பக்கத்துக் கட்டத்தில் இருந்தால்தான் அது கூடவே வரும். அது சண்டை போடுவது மட்டுமல்ல, சபிக்கப்பட்ட பொருள் மேல் கால் வைக்கத் தயங்கும். அதைப் பார்த்தே எந்தக் கவசத்தைப் போடலாம் என்று முடிவு செய்யலாம். கடைக்குள் கூட்டிப்போனால் சரக்கைத் திருடிக்கொண்டும் வந்து தரும்.

பழைய குறிப்புகளை அப்படியே நம்புவதும் ஆபத்து. தரையில் எல்பெரெத் (Elbereth) என்ற மந்திரச் சொல்லை விரலால் எழுதி அதன் மேல் நின்றால் பெரும்பாலான எதிரிகள் நெருங்க மாட்டார்கள். 2003-இல் வந்த 3.4.3 பதிப்பில் அதன் மேல் நின்றபடி சண்டையும் போடலாம். 2015-இல் வந்த 3.6-இல் நீங்கள் வாளால் தாக்கினாலே எழுத்து அழிந்துவிடும். இப்போது அது தப்பிக்கவும் மூச்சு வாங்கவும் மட்டும்தான். மனிதர்களும் மினோட்டாரும் எப்போதுமே அதை மதிப்பதில்லை.

சேவ் ஃபைலை நகலெடுத்து வைத்துக்கொள்வதை நான் சற்றும் ஏற்க மாட்டேன். சாவின் பயம் போனால் இந்த கேமில் மிச்சம் ஒன்றுமில்லை. பயிற்சிதான் வேண்டுமென்றால், செத்தாலும் தொடரவிடும் எக்ஸ்ப்ளோர் மோட் உள்ளேயே இருக்கிறது.

தொடக்கத்தில் டூரிஸ்ட் பாத்திரத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள், மிகவும் கஷ்டம். வால்கைரி என்ற போர்வீராங்கனையை எடுங்கள், இனத்தில் குள்ளர் என்று வையுங்கள். 2 முதல் 4 வரையுள்ள லெவல்களில் ஏதோ ஒன்றில் நோம் என்ற குட்டி மனிதர்களின் சுரங்கத்துக்கு வழி பிரியும். மனிதராகப் போனால் கோடாரியோடு வரும் குள்ளர்கள் அங்கேயே முடித்துவிடுவார்கள். குள்ளராகப் போனால் அவர்களில் பெரும்பாலோர் உங்களைச் சீண்டவே மாட்டார்கள்.