பூனைக்கு இன்சுலின் போடுகிறீர்களா? சிரிஞ்சைப் பாருங்கள்

ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்து மருத்துவரிடம் வரும் பூனைக்குப் பயத்திலேயே ரத்தச் சர்க்கரை ஏறிவிடலாம். அந்த ஒரு அளவை நம்பி மருந்தைக் கூட்டுவது ஆபத்து. வீட்டில் பார்ப்பதே மேல். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் காதை இதமாகச் சூடாக்கி, ஓரத்தில் லேசாகக் குத்தினால் ஒரு சொட்டு வந்துவிடும். மனிதர்களுக்கான குளுக்கோமீட்டர் பூனைக்குப் பெரும்பாலும் சற்றுக் குறைத்தே காட்டும். எந்தக் கருவி என்று மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

அதிகக் கவனம் சிரிஞ்சில்தான் வேண்டும். மருந்துக்கடையில் 40 யூனிட், 100 யூனிட் (ஒரு மில்லிலிட்டரில் எத்தனை யூனிட் மருந்து என்ற கணக்கு) என இரண்டு வகை உண்டு. 100 யூனிட் இன்சுலினை 40 யூனிட் சிரிஞ்சில் அதே கோடு வரை இழுத்தால் இரண்டரை மடங்கு மருந்து ஏறும். பூனையின் சிறிய உடம்பு அதைத் தாங்காது. குப்பியின் எண்ணும் சிரிஞ்சின் எண்ணும் ஒன்றா என்று ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாருங்கள், கடைக்காரர் எவ்வளவு பழக்கமானவராக இருந்தாலும்.

மருந்தில் பாதி பூனையின் முடியில் சிந்தியதாகத் தோன்றினாலும் மறுபடி போடக் கூடாது. பூனை சாப்பிட மறுத்தால், ஊசிக்கு முன் மருத்துவரைக் கேளுங்கள். ஊசிக்குப் பின் தள்ளாடினால் சர்க்கரை மிகவும் இறங்கியிருக்கலாம்; ஈறில் தேன் தடவிவிட்டு உடனே மருத்துவரிடம் கிளம்புங்கள்.