விரால் கடித்ததும் இழுக்காதீர்கள்

சோழவந்தான் பக்கம் வைகையில் தண்ணீர் வற்றி, ஓரமாகத் தேங்கி நிற்கும் மடுக்களில்தான் விரால் அதிகம். ஆகாயத்தாமரைக்கு நடுவே ‘பொளக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். விரால் மேலே வந்து காற்றுக் குடிக்கிற சத்தம் அது. சத்தம் வந்த இடத்திலேயே தூண்டிலைப் போட்டால் மிரண்டுவிடும். நாலு அடி தள்ளிப் போட்டு, தூண்டிலில் மாட்டிய ரப்பர் தவளையை இலைமேல் மெதுவாக இழுத்து வாருங்கள், நடுநடுவே நிறுத்தி.

தண்ணீர் சிதறும்போது கை தானாக வெட்டி இழுக்கும். அங்கேதான் மீன் தப்புகிறது. தூண்டில் கயிறான நரம்பைத் தளர்த்தி, ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுங்கள். அது தவளையை வாய்க்குள் வாங்கித் திரும்பியதும் நரம்பு விறைக்கும். அப்போது ஒரே வெட்டு. மூன்று எண்ணப் பழகவே எனக்கு ஒரு வருஷம் ஆனது!

செக்கச்செவேல் என்று விரால் குஞ்சுகளான பார்ப்புக் கூட்டம் மேலே மிதந்தால் அங்கே தூண்டில் போடவே வேண்டாம். தாயும் தந்தையும் கீழேயே காவல் நிற்கும். அவற்றைப் பிடித்துவிட்டால் குஞ்சு அத்தனையும் மற்ற மீனுக்கு இரை.

அப்புறம், கண்மாய் என்றால் குத்தகைக்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். அணை திறக்கும் நாட்களில் ஆற்றுக்குள் இறங்கவே கூடாது.