தண்ணீரில் விழுந்த போனைக் காப்பாற்றுவது எப்படி?

போன் தண்ணீரில் விழுந்தால் பலரும் அதை எடுத்துத் துடைத்த கையோடு, வேலை செய்கிறதா என்று பவர் பட்டனை அழுத்திப் பார்ப்பார்கள். பிழைத்திருக்க வேண்டிய பல போன்கள் அந்த ஒரு அழுத்தலில்தான் போய்விடுகின்றன.

தூய நீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. ஆனால் நாம் புழங்கும் தண்ணீரில் உப்புகள் கரைந்திருப்பதால் அது கடத்தும். உள்ளே ஈரமும் மின்சாரமும் சேர்ந்தால் உடனே ஷார்ட் ஆகலாம். ஆகாமல் தப்பினாலும், மின்பகுப்பு (மின்சாரம் பாய்வதால் ஈரத்தில் நடக்கும் வேதிமாற்றம்) நடந்து, உள்பாகங்களை இணைக்கும் கனெக்டர்களின் உலோக முனைகள் அரிக்கத் தொடங்கும். அதனால் ஈரம் போகும் வரை போனுக்குள் மின்சாரம் ஓடக் கூடாது. கீழே உள்ள படிகள் எல்லாமே இதற்காகத்தான்.

படி 1: எடுத்து, அணையுங்கள்

சார்ஜரில் இருக்கும்போது விழுந்திருந்தால் போனைத் தொடாதீர்கள். முதலில் சுவரில் உள்ள ஸ்விட்சை அணையுங்கள், அப்புறம் எடுங்கள். போன் ஆனில் இருந்தால் திரையைத் துடைத்துவிட்டு மெனு வழியாக ஸ்விட்ச் ஆஃப் செய்யுங்கள். பட்டன்களை நீண்ட நேரம் அழுத்திப் பிடித்தால் பல போன்கள் அணையாமல் ரீஸ்டார்ட் ஆகிவிடும். ஏற்கெனவே அணைந்திருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.

படி 2: கழற்றி, வடியவிடுங்கள்

கவர், சிம் ட்ரே, மெமரி கார்டு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கழற்றக்கூடிய பேட்டரி என்றால் அதையும் எடுங்கள். சார்ஜிங் துளை கீழே பார்க்கும்படி போனைப் பிடித்து, உள்ளங்கையில் மெதுவாகத் தட்டுங்கள். வேகமாக உதறுவதும் வாயால் ஊதுவதும் தண்ணீரை இன்னும் உள்ளே தள்ளும்.

கடல் நீர், காபி, குளிர்பானம் என்றால் ஒரு வேலை கூடுதல். தண்ணீர் தாங்கும் போனாக இருந்தால், அணைத்த பிறகு அது பட்ட இடத்தை நல்ல தண்ணீரில் லேசாக அலசுங்கள். உப்பும் சர்க்கரையும் உள்ளே காய்வது வெறும் தண்ணீரைவிட மோசம். அந்தப் பாதுகாப்பு இல்லாத போன் என்றால் காயும் வரை காத்திருக்காமல், அன்றைக்கே சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோங்கள்.

படி 3: காற்றில் காயவையுங்கள்

அரிசிக்குள் புதைக்காதீர்கள். ஆப்பிள் நிறுவனமே அதன் உதவிப் பக்கத்தில் இதைச் செய்ய வேண்டாம் என்கிறது. அரிசியின் துகள்கள் போனைக் கெடுக்கலாம். ஃபேன் காற்றில், துளை கீழ்நோக்கி இருக்கும்படி சாய்த்து வைத்தால் போதும். ஹேர் டிரையர், அடுப்பு, கடும் வெயில் எதுவும் வேண்டாம். சூடு உள்ளிருக்கும் பசையை இளக்கும், லித்தியம் பேட்டரிக்கும் கேடு.

சார்ஜிங் துளையில் மட்டும் ஈரம் என்றால் சில மணி நேரம் போதலாம், ஒரு நாளும் ஆகலாம். முழுதாக மூழ்கியிருந்தால் குறைந்தது 48 மணி நேரம் விடுங்கள் என்பேன்.

படி 4: உள்ளே சுத்தம் செய்வது

பலர் விட்டுவிடுவது இதைத்தான். தண்ணீர் ஆவியாகும், அதிலிருந்த உப்பு ஆவியாகாது. போர்டின் (போனுக்குள் இருக்கும் சர்க்யூட் பலகை) மேல் படிந்த அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு மெல்ல அரித்துக்கொண்டே இருக்கும். காய்ந்து நன்றாக ஓடிய போன் சில வாரம் கழித்துத் திடீரென்று சாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். முழுதாக மூழ்கிய போன் வேலை செய்தாலும், ஒருமுறை திறந்து சுத்தம் செய்வது நல்லது.

நீங்களே செய்து பழக ஒரு பழைய போனை எடுத்துக்கொள்ளுங்கள். புதிய போனையும் முக்கியமான படங்கள் உள்ள போனையும் கடையில் கொடுப்பதே சரி. திறந்ததும் முதல் வேலை, பேட்டரி கனெக்டரைப் பிரிப்பது. வேறு எதையும் அதற்கு முன் தொடாதீர்கள். பல போன்களில் சிம் ட்ரே துளைக்குள்ளோ உட்புறத்திலோ வெள்ளை நிறத்தில் ஒரு சிறு ஒட்டு இருக்கும். அது சிவப்பாகியிருந்தால் தண்ணீர் அங்கே வரை போயிருக்கிறது.

பிறகு, 90 சதவீதத்துக்கு மேல் உள்ள ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை மென்மையான பிரஷில் தொட்டு, பச்சையாகவோ வெள்ளையாகவோ படிந்திருக்கும் இடங்களைத் தேயுங்கள். கனெக்டர்களுக்கு அதிக நேரம் கொடுங்கள். திரையிலும் பேட்டரியிலும் ஆல்கஹால் படக் கூடாது. அது எளிதில் தீப்பிடிக்கும், அதனால் ஜன்னலைத் திறந்து வைத்து, அருகில் நெருப்பில்லாமல் வேலை செய்யுங்கள். நன்றாக உலர்ந்த பிறகு மூடுங்கள். ஒருமுறை திறந்த போனில் பழைய சீல் போய்விடும் என்பதால் அது இனி தண்ணீர் தாங்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் ஐபி68 (தூசியும் தண்ணீரும் புகாமல் தாங்கும் தரக் குறியீடு) என்று போட்டிருந்ததே என்று கேட்கலாம். அது ஆய்வகத்தில், அசையாத நல்ல தண்ணீரில் பெற்ற தரம். கீழே விழுந்து அடிபட்டாலும் வயதானாலும் அந்த சீல் தளரும்.

படி 5: ஆன் செய்தல்

ஆன் ஆனால் கேமரா, ஸ்பீக்கரையெல்லாம் சோதிப்பதற்கு முன் பேக்கப் எடுங்கள். இன்று ஓடும் போன் நாளையும் ஓடும் என்று சொல்ல முடியாது. பேட்டரி சூடானாலோ, பின்பக்கம் உப்பியிருந்தாலோ சார்ஜ் போடாதீர்கள், அழுத்தவும் வேண்டாம்.

ஆன் ஆகவே இல்லையென்றாலும் உள்ளே இருக்கும் படங்கள் பெரும்பாலும் அழிந்திருக்காது. கடையில் கொடுக்கும்போதே "போனைவிட டேட்டாதான் முக்கியம், ரீசெட் செய்யாதீர்கள், போர்டை மாற்றாதீர்கள்" என்று சொல்லிவிடுங்கள். போர்டு வேலை தெரிந்தவர் அதைத் தற்காலிகமாக உயிர்ப்பித்துப் படங்களை எடுத்துத் தர வாய்ப்பு இருக்கிறது.