போலோ ஜிடி காருக்கு டயர் தேர்ந்தெடுத்த அனுபவம்

என் போலோ ஜிடி டிஎஸ்ஐ காரின் முன் டயர்களில், பள்ளங்களின் அடியில் இருக்கும் தேய்மான மேடு மேற்பரப்புக்குச் சமமாக வந்துவிட்டது. அதாவது பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டரே எஞ்சியிருந்ததால், மழையில் பிரேக் பிடித்தால் கார் வழுக்கியது.

கடைக்காரர், காரில் இருந்த 185/60 ஆர்15 அளவுக்குப் பதிலாக 195/60 ஆர்15 அளவைப் பரிந்துரைத்தார் (முதல் எண் டயரின் அகலம் மி.மீ.யில், அடுத்தது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, 15 என்பது ரிம்மின் விட்டம் அங்குலத்தில்). பார்வைக்குக் கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் டயரின் வெளிவிட்டம் 603 மி.மீ.யிலிருந்து 615 ஆக உயர்வதால், ஸ்பீடோமீட்டர் முன்பைவிட ஏறக்குறைய 2 சதவீதம் குறைத்துக் காட்டும், கியரின் இழுவையும் சற்று மந்தமாகும். 195/55 அளவிலோ பக்கச்சுவரின் உயரம் குறைந்து, குழிகளின் அடி நேராக ரிம்மில் இறங்கும். எனவே நிறுவனம் கொடுத்த 185/60 அளவையே வைத்துக்கொண்டு, ஈரச்சாலைப் பிடிப்புக்குப் பெயர்பெற்ற மென்மையான ரப்பர் டயர்களுக்குப் பணத்தைச் செலவிட்டேன். அவை சீக்கிரம் தேயும் என்பது தெரிந்ததே.

முதலில் எடுத்துவந்த டயரின் பக்கச்சுவரில் 0822 என்றிருந்தது. 2022ஆம் ஆண்டின் எட்டாவது வாரத் தயாரிப்பு என்று பொருள். புதியதைக் கேட்டு வாங்கினேன் (கேட்காவிட்டால் பழையதுதான் முதலில் வெளியே வரும்). நான்கையும் மாற்றி, வீல் அலைன்மென்டும் (சக்கரங்களின் கோணச் சீரமைப்பு) பார்த்தபின் ஈரச்சாலையில் வழுக்கல் நின்றது. இரண்டு மட்டும் மாற்றுவோர், முன்சக்கர இழுவைக் காராயினும், புதியவற்றைப் பின்னால் பொருத்துவதே பாதுகாப்பு.